சிறையும் அவையும்: பொன்மலை அனந்த நம்பியாரின் பாராளுமன்றப் பாதை

உறையூரில் ஒரு புலவன் ஐயத்தின்பேரில் பிடிபட்ட செய்தியைப் புறநானூறு நமக்குப் பாதுகாத்து வைத்திருக்கிறது. சோழன் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்பவனை, அந்நகரில் இருந்த நெடுங்கிள்ளி ஒற்றன் எனக் கருதிக் கொல்லத் துணிந்தான். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதாகச் செய்தியில்லை, ஐயமே போதுமானதாயிருந்தது. கோவூர்கிழார் குறுக்கிட்டுப் பாடி அப்புலவனை உய்வித்தார். இதே உறையூரின் அவையத்தில் அறம் நிலைபெற்று நின்றது என்று அந்நூலின் வேறொரு பாடல் சோழரைப் புகழ்கிறது. இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தோர், அறத்துக்குப் பெயர்பெற்ற அவை இருந்த ஊரிலேயே விசாரணையின்றி ஓர் உயிர் போக இருந்தது என்பதைக் கவனியாதிரார்.

இன்று உறையூர் திருச்சிராப்பள்ளி மாநகரின் ஒரு பகுதி. மன்னரின் அவையம் போய், வாக்குரிமை பெற்ற மக்கள் தேர்ந்தெடுக்கும் அவைகள் வந்துவிட்டன. அம்மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் ஐயத்தின்பேரில் காவலில் வைக்கப்பட்டால் அவையில் அவருடைய இருக்கை என்னாகும் என்னும் வினாவை, இந்தியாவின் நீதிமன்றங்கள்முன் இருமுறை கொண்டுசென்றவர் திருச்சியைச் சேர்ந்த ஒரு தொழிற்சங்கத் தலைவரே. அவர் கே. அனந்த நம்பியார். 1946-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கும், 1952, 1962, 1967 ஆகிய ஆண்டுகளில் மக்களவைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். சட்டமன்ற உறுப்பினராயிருந்தபோது ஒருமுறையும், பாராளுமன்ற உறுப்பினராயிருந்தபோது மற்றொருமுறையும் விசாரணையின்றிக் காவலில் வைக்கப்பட்டு, அவ்விரு முறையும் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். அவ்வழக்குகள் இரண்டும் அரசியலமைப்புச் சட்ட நூல்களில் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆயினும் அவர் பெயர் திருச்சியிலேயே இளந்தலைமுறைக்கு அதிகம் தெரியாது.

குருமாராகவும் இறையியல் மாணவராகவும் உள்ள நம் வாசகர்கள், கம்யூனிஸ்டுத் தலைவர் ஒருவரின் வரலாறு இவ்விதழில் எதற்கு என வினவக்கூடும். அவருடைய கட்சிக் கோட்பாட்டுக்காக நாம் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. மக்களின் பிரதிநிதி என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிற அச்சொல்லின் பொருள், அவருடைய வாழ்வில் சோதிக்கப்பட்டதைப் போல வேறு பலர் வாழ்வில் சோதிக்கப்படவில்லை என்பதே காரணம்.

பொன்மலையிலிருந்து தொடங்க வேண்டும். தென்னிந்திய ரயில்வேயின் பெரிய தொழிற்சாலை 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்பட்டது. கருமார், கொல்லர், தச்சர், கொதிகலன் வேலையில் தேர்ந்தோர் எனப் பல்லாயிரம் பேர் ஒரே வளாகத்தில் கூடினர். சாதியாலும் ஊராலும் பிரிந்திருந்தோர் ஒரே சங்கொலிக்கு எழுந்து ஒரே வாயிலில் நுழைந்தனர். கிறிஸ்தவக் குடும்பங்களும் ஆங்கிலோ-இந்தியரும் அக்குடியிருப்பில் கணிசமாக இருந்தனர். தொழிற்சாலை இடம்பெயர்ந்த அதே ஆண்டிலேயே, ஆட்குறைப்பை எதிர்த்து ரயில்வே தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தனர். சிங்காரவேலர் முதலானோர் அதன்பொருட்டுச் சிறை சென்றனர். இந்த மண்ணில்தான் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் சங்கம் வேர்விட்டது. பெயரிலேயே மலபாரை நினைவூட்டும் நம்பியார் அச்சங்கத்தின் தலைவர்களுள் ஒருவராய் வளர்ந்தார். அவரோடு தோள்சேர நின்ற மற்றொருவர் எம். கல்யாணசுந்தரம். இவ்விருவரையும் பின்னர் ஒருங்கே காண்போம்.

1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி சென்னைச் சட்டமன்றத்தில் 215 இடங்கள். அவை பொதுத்தொகுதிகளாக மட்டும் அமையவில்லை. முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, நிலக்கிழார்களுக்கு 6, தொழிலாளருக்கு 6 என மக்கள் பல பெட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். கிறிஸ்தவரான நம் முன்னோர் கிறிஸ்தவர் என்ற பெயரிலேயே வாக்களித்தனர். 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் அதன் துணைத்தலைவரும் கிறிஸ்தவருமான எச். சி. முகர்ஜி, மத அடிப்படையிலான தனி இடங்கள் வேண்டா என்று துணிந்து நின்றதை இங்கு நினைவுகூர்தல் தகும். தொழிலாளருக்கென ஒதுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று ரயில்வே தொழிற்சங்கத் தொகுதி. 1946 தேர்தலில் நம்பியார் அதிலிருந்து தேர்வானார். அம்மன்றத்தில் கம்யூனிஸ்டுகள் வென்ற இடங்கள் இரண்டே. ஆகவே அவருடைய தொகுதிக்கு எல்லைக்கல் கிடையாது; தண்டவாளம் சென்ற இடமெல்லாம் அவர் தொகுதி எனலாம்.

அவர் சட்டமன்றத்தில் நுழைந்த சில திங்களுக்குள்ளேயே பொன்மலையில் இரத்தம் சிந்தியது. 1946 ஆகஸ்டில் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. செப்டம்பர் 5-ஆம் நாள் சங்கத்திடலில் மலபார் சிறப்புக் காவற்படையினர் சுட்டதில் தங்கவேலு, ராஜு, ராமச்சந்திரன், கிருஷ்ணமூர்த்தி, தியாகராஜன் என்னும் ஐந்து தொழிலாளர் இறந்தனர். அப்போது மாகாணத்தை ஆண்டது அந்நிய ஆட்சியின் கைப்பாவை மந்திரிசபை அன்று. மக்கள் தேர்ந்தெடுத்த பிரகாசம் தலைமையிலான காங்கிரஸ் மந்திரிசபை. அதில் தொழிலாளர் நலப் பொறுப்பேற்றிருந்தவர் வி. வி. கிரி, அவரே ரயில்வே தொழிற்சங்க இயக்கத்தில் வளர்ந்தவர், பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானவர். ரயில்வே மத்திய அரசின் கீழும், காவற்படை மாகாண அரசின் கீழும் இருந்தன என்பது உண்மை. எனினும், விடுதலையின் வாயிற்படியில் நின்ற ஒரு நாட்டில், தொழிலாளரின் பிரதிநிதி அவையில் அமர்ந்திருக்க அவரைத் தேர்ந்தெடுத்தோர்மீது குண்டு பாய்ந்தது என்பதை மறைக்கவியலாது. ஆண்டுதோறும் செப்டம்பர் 5 அன்று சங்கத்திடலில் அந்த ஐவரையும் நினைவுகூர்வது அங்குள்ள தொழிலாளர் மரபு.

1948-இல் நிலைமை மேலும் கெட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் கூடிய கம்யூனிஸ்டுக் கட்சிப் பேராயம், புதிய அரசை ஆயுதப் புரட்சியால் வீழ்த்தும் பாதையைத் தெரிந்துகொண்டது. தெலுங்கானாவில் போராட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. ஆகவே அரசின் அச்சம் ஆதாரமற்றது என்று சொல்வதற்கில்லை. பின்னர் அக்கட்சியே அந்தப் பாதை பிழையென்று கைவிட்டது. ஆனால் அரசு எடுத்த வழி, குற்றம் செய்தோரைத் தேடி வழக்குமன்றத்தில் நிறுத்தும் வழியன்று. தலைவர்களை விசாரணையின்றிச் சிறையிலடைப்பதே வழியாயிற்று. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் கைதிகள் 22 பேர் மாண்டனர். குடியரசு பிறந்து பதினாறு நாட்களே ஆகியிருந்தன! புதிய அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் என்னும் பகுதியிலேயே, 22-ஆம் பிரிவில், தடுப்புக் காவலுக்கு இடமளிக்கப்பட்டிருந்தது. 1950-ஆம் ஆண்டின் தடுப்புக் காவல் சட்டத்தை ஏ. கே. கோபாலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் செல்லத்தக்கதென ஏற்றது.

சட்டமன்ற உறுப்பினரான நம்பியாரும் இவ்வாறு காவலிலிருந்தோருள் ஒருவர். இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். காவலில் வைக்கப்பட்டதனால் அவருடைய உறுப்பினர் பதவி போகவில்லை. தண்டனை பெற்றால்தான் தகுதியிழப்பு. அவரோ தண்டனை பெறவில்லை, ஏனெனில் விசாரணையே இல்லை. உறுப்பினருக்குரிய ஊதியம் உண்டு. மன்றம் கூடுகிறது, வருக என்னும் அழைப்பாணையும் உண்டு. அரசின் ஒரு கை வாவென்று அழைக்க, மற்றொரு கை சிறைக்கதவைப் பூட்டி வைத்திருந்தது. இம்முரண்பாட்டை நம்பியார் சென்னை உயர் நீதிமன்றத்தின்முன் வைத்தார். 1952-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்ற அவ்வழக்கில் நீதிமன்றம் இரண்டு விடைகளைத் தந்தது.

முதல் விடை அவருக்கு எதிரானது. முறைப்படி காவலில் வைக்கப்பட்ட உறுப்பினர் அவைக்கு வர உரிமையுடையவர் என்று அறிவிக்க இயலாது. ஆயுதந்தாங்கிய காவலருடன் அழைத்துவரச் செய்வதும் ஆகாது என்றது நீதிமன்றம். இரண்டாவது விடை அவருக்குச் சார்பானது. உறுப்பினராக நீடிக்கும்வரை, ஊதியமும் அழைப்பாணையும் பெறும்வரை, அவர் சபாநாயகருக்கும் உரிமைக் குழுவின் தலைவருக்கும் கடிதம் எழுதலாம். அக்கடிதத்தைத் தடுத்து நிறுத்த நிர்வாக அதிகாரி எவருக்கும் உரிமை இல்லை. சுருங்கச் சொன்னால் உடல் வரக்கூடாது, எழுத்து வரலாம். சிறையிலிருந்து எழுதப்படும் நிருபத்தின் வலிமையை நம் வாசகர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பவுலடியார் காவலில் இராதிருந்தால் பிலிப்பி சபைக்கு அந்நிருபம் கிடைத்திருக்குமோ என்பது வகுப்பறைகளில் எழும் கேள்விதானே. இந்த இரண்டாவது விடையை நாம் பெரிதாக மதிக்கிறோம். முதல் விடையை மேற்கோள் காட்டுவோர் பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

அடுத்து வந்தது முதற் பொதுத்தேர்தல். 1952-இல் நம்பியார் போட்டியிட்ட தொகுதி மாயூரம். தரங்கம்பாடிக்கு அண்மையிலுள்ள அப்பகுதி நம் திருச்சபை வரலாற்றில் பெற்ற இடத்தை எல்லாரும் அறிவர். அங்கே அவர் தோற்கடித்தவர் மத்தியில் ரயில்வே, போக்குவரத்துத் துறையின் ராஜாங்க மந்திரியாயிருந்த கே. சந்தானம். ரயில்வே தொழிலாளரின் பிரதிநிதியிடம் ரயில்வே மந்திரி தோற்றார்! ஆயினும் சந்தானத்தைப்பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தோல்விக்குப்பின் அவர் பொதுவாழ்விலிருந்து மறைந்துவிடவில்லை. 1962-64 ஆண்டுகளில் ஊழல் தடுப்புக்குழுவுக்குத் தலைமைதாங்கி அவர் தந்த அறிக்கை இன்றும் பேசப்படுகிறது. நல்லவர் ஒருவரை மக்கள் தோற்கடித்ததற்கு, அவர்பால் வெறுப்பன்று, தஞ்சைத் தரணியின் பண்ணையாட்கள், குத்தகைதாரர் ஆகியோரின் துயரே காரணம் எனலாம். அதே தேர்தலில் சென்னைச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் கம்யூனிஸ்டுகள் 62 இடங்களை வென்றனர். திருச்சி நகரிலிருந்து கல்யாணசுந்தரம் சட்டமன்றம் புகுந்தார். திருச்சி மக்களவைத் தொகுதியோ அம்முறை கட்சி சாராத டாக்டர் எட்வர்டு பால் மதுரத்தைத் தேர்ந்தெடுத்தது.

மாகாணத்தில் இருவருள் ஒருவராக இருந்தவர் தில்லியில், எதிர்க்கட்சி வரிசையில் மிகப்பெரிய குழுவின் உறுப்பினரானார். 1957 முதல் 1962 வரை அவர் மக்களவையில் இல்லை. திருச்சியில் அப்போது வென்றவர் காங்கிரஸின் எம். கே. எம். அப்துல் சலாம். அந்த ஐந்தாண்டுகளைப்பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கடந்துபோகலாகாது. 1959-இல் கேரளத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த நம்பூதிரிபாட் மந்திரிசபை கலைக்கப்பட்டபோது, அதற்கெதிரான கிளர்ச்சியில் அங்குள்ள திருச்சபைகள் பல முன்னின்றன. கல்வி மசோதாவைப் பற்றிய அவர்கள் அச்சத்தில் நியாயம் உண்டு. எனினும் வாக்குச்சீட்டால் வந்த ஒன்றை வேறு வழியால் அகற்றுவதில் மகிழ்ந்தவர்கள், பிற்காலத்தில் அதே கருவி வேறிடங்களில் பயன்பட்டபோது குரலெழுப்ப வலிமையற்றவராயினர் என்பது நம் கருத்து. நாற்பதுகளில் திருச்சபையின் குருப்பட்டத்தையும் கம்யூனிஸ்டுக் கட்சியின் உறுப்புரிமையையும் ஒருங்கே நாடி, இரண்டிடத்திலும் மறுக்கப்பட்ட எம். எம். தாமஸ் போன்றோர் நம்மிடையே அரியர்.

1962-இல் நம்பியார் திருச்சித் தொகுதியிலிருந்தே மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மலைக்கோட்டையைச் சூழ்ந்த கடைவீதிகள், உறையூரின் நெசவாளரும் சுருட்டுத் தொழிலாளரும், பொன்மலையின் பட்டறைகள் எனப் பலவகை உழைப்பாளர் நிறைந்த நகரம் அது. பக்கத்துத் தொகுதியான புதுக்கோட்டையில் அவருடைய தோழர் ஆர். உமாநாத் வென்றார். அவர் மனைவி பாப்பா உமாநாத் பொன்மலைத் தொழிலாளர் நடுவில் வளர்ந்தவர். பிற்காலத்தில் திருவெறும்பூரின் சட்டமன்ற உறுப்பினர். அவ்வாண்டு அக்டோபரில் சீனப்படையெடுப்பு. அக்டோபர் 26-இல் நெருக்கடிநிலைப் பிரகடனம். தொடர்ந்து இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் விதிகளும். போர் ஒரு திங்களில் ஓய்ந்தது. பிரகடனமோ 1968 ஜனவரிவரை ஓயவில்லை. 1964-இல் கம்யூனிஸ்டுக் கட்சி இரண்டாகப் பிளந்தது. நம்பியாரும் உமாநாத்தும் மார்க்சிஸ்டுக் கட்சியில் சேர்ந்தனர். கல்யாணசுந்தரம் பழைய கட்சியிலேயே நின்றார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் நாடெங்கும் மார்க்சிஸ்டுக் கட்சியினர் நூற்றுக்கணக்கில் பிடிக்கப்பட்டனர். திருச்சி உறுப்பினரும் புதுக்கோட்டை உறுப்பினரும் கடலூர் மத்திய சிறையை அடைந்தனர்.

அடுத்துவந்த ஆண்டு எத்தகையது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். 1964 ஜனவரி 25 அன்று திருச்சி ரயில் நிலையத்தின் முன் கீழப்பழுவூர் சின்னச்சாமி தமிழுக்காகத் தீக்குளித்து மாண்டிருந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1965 ஜனவரி 26-இல் இந்தி ஆட்சிமொழியாகும் நாள் நெருங்க, தமிழகம் முழுவதும் மாணவர் கொந்தளித்தனர். துப்பாக்கிச்சூடுகள் நிகழ்ந்தன. பிப்ரவரியில் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் மத்திய மந்திரி பதவிகளிலிருந்து விலக முன்வந்தனர். பாராளுமன்றம் கூடியது, மொழிப்பிரச்சினை அங்கே விவாதிக்கப்பட்டது. தீயின் முதற்பொறி விழுந்த திருச்சியின் இருக்கை அப்போது காலியாக இருந்தது. பின்னர் வரவு-செலவுத் திட்டம் வந்தது. செப்டம்பரில் பாகிஸ்தானுடன் போர் வந்தது. இருக்கை காலியாகவே இருந்தது. அவர் பேசியிருந்தால் என்ன பேசியிருப்பார், அது நமக்கு உடன்பாடாயிருக்குமா என்பதன்று கேள்வி. திருச்சியின் வாக்காளர் பேச ஓர் ஆளை அனுப்பியிருந்தனர். அவருக்கு மாற்றாக வேறொருவரை அனுப்பவும் அவர்களால் இயலாது, ஏனெனில் அவர் பதவி இழக்கவில்லை. அறுபது நாட்கள் அவையின் இசைவின்றி வராதிருந்தால் இடம் காலியானதென அறிவிக்கலாம் என்று அரசியலமைப்பின் 101-ஆம் பிரிவு கூறுகிறது. காவலிலுள்ள உறுப்பினர் விடுப்புக்கோரி எழுதுவதும், அவை அதை அளிப்பதும் வழக்கம். அவ்விடுப்பு உறுப்பினரின் பதவியைக் காக்கிறது. தொகுதியின் குரலைக் காப்பதில்லை.

நம்பியாரும் உமாநாத்தும் உச்ச நீதிமன்றம் சென்றனர். தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையிலான அமர்வு 1965 அக்டோபர் 27 அன்று தீர்ப்பளித்தது. பாராளுமன்ற உறுப்பினர் தம் அரசியலமைப்புக் கடமையை ஆற்ற முடியாதபடி தடுக்கும் காவல் ஆணை செல்லாது என்பது மனுதாரர் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பாராளுமன்றச் சிறப்புரிமையால் கைதிலிருந்து கிடைக்கும் விலக்கு உரிமையியல் வழக்குகளுக்கே உரியது; குற்றவியல் கைதுக்கோ தடுப்புக்காவலுக்கோ அது பொருந்தாது. 105-ஆம் பிரிவு வழங்கும் பேச்சுரிமை அவைக்குள் வந்து அமர்ந்தவருக்கே உரியது; அவைக்கு வரும் உரிமையை அது தானாகத் தருவதில்லை. செல்லத்தக்க காவல் ஆணையின்முன் பாராளுமன்ற உறுப்பினர் சாதாரணக் குடிமகனைவிட உயர்ந்த நிலை எதையும் கோர முடியாது என்று நீதிமன்றம் முடிவாகக் கூறிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்பும் அங்கே துணைக்கு வந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் தம் பெயரால் பிறந்த தீர்ப்பே தமக்கெதிராக நிற்பதை நம்பியார் காணவேண்டியதாயிற்று.

இத்தீர்ப்பைக் குறைகூறுவது எளிது. அதன் நியாயத்தை உணர்வது சற்றுக் கடினம். சட்டத்தின்முன் உறுப்பினரும் ஊழியரும் ஒன்றே என்பது நல்ல கோட்பாடு. கைத்தறிக்காரன் சிறையிலிருக்க, கைத்தறிக்காரனின் பிரதிநிதி மட்டும் வெளியே உலவ வேண்டும் என எவர் வாதிடுவர்? எனினும் நம் மனத்தில் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. தீர்ப்பின் போக்கு முழுவதும் உறுப்பினரின் சலுகையைச் சுற்றியே அமைந்ததாகத் தோன்றுகிறது. அனுப்பியவரின் உரிமை தனியே தராசில் வைக்கப்படவில்லை. மேலும், குற்றம் சாட்டி, சாட்சி கேட்டு, தண்டித்துச் சிறையிலடைப்பது வேறு. ஆளும் கட்சியின் அரசு தன் எதிர்ப்பாளரை ஐயத்தின்பேரில் அடைப்பது வேறு. பின்னதில், அவையில் தன்னைக் கேள்விகேட்க வேண்டியவர் யார் என்பதை அரசே தீர்மானிக்கும் நிலை உண்டாகிறது.

ஆங்கிலேய நாட்டிலும் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1940 மே திங்களில் காப்டன் ராம்சே என்னும் பாராளுமன்ற உறுப்பினர் போர்க்காலக் காவல் விதியின்கீழ் பிரிக்ஸ்டன் சிறையில் வைக்கப்பட்டார். யூத வெறுப்பில் ஊறிய மனிதர். அவர்பால் நமக்கு அனுதாபமில்லை. அங்குள்ள உரிமைக்குழுவும் சிறப்புரிமை மீறப்படவில்லை என்றே முடிவுகூறியது. ஆனால் அவர் சிறையிலிருந்தபடியே எழுத்து மூலம் மந்திரிகளைக் கேள்விகள் கேட்டார், அவை அச்சிடப்பட்டன, விடைகளும் வந்தன. 1944-இல் விடுதலையானவுடன் வந்து தம் இருக்கையில் அமர்ந்தார். சென்னைத் தீர்ப்பின் இரண்டாவது விடை இம்மரபுக்கு நெருங்கியது.

நீதிமன்றம் கூறியது ஒன்று; மக்கள் கூறியது மற்றொன்று. 1965 மார்ச்சில் நடந்த கேரளத் தேர்தலில், தலைவர்கள் பலர் சிறையிலிருக்க, மார்க்சிஸ்டுக் கட்சி 40 இடங்களை வென்று பெரிய கட்சியாயிற்று. அச்சட்டமன்றம் ஒருநாளும் கூடாமலே கலைக்கப்பட்டது. 1967-இல் திருச்சி நம்பியாரையே மீண்டும் அனுப்பியது. தி.மு.க. கூட்டணியின் அலை அவ்வெற்றிக்குப் பெரிதும் துணைநின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே சிறைவாசத்துக்கு மக்கள் அளித்த தீர்ப்பு என்று மட்டும் அதைச் சொல்லிவிட முடியாது. நான்காம் மக்களவை 1970 டிசம்பரில் கலைக்கப்படும்வரை அவர் திருச்சியின் உறுப்பினராயிருந்தார்.

1971-இல் அத்தொகுதி கல்யாணசுந்தரத்துக்குச் சென்றது. 1952-இலும் 1957-இலும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், 1971-இலும் 1977-இலும் திருச்சியிலிருந்து மக்களவைக்கும், அதன்பின் மாநிலங்களவைக்கும் சென்றார். மாநில அரசியலிலிருந்து தேசிய மன்றத்துக்கு ஏறும் படிகளை ஒழுங்காக ஏறியவர் என்றால் இவரையே சொல்லவேண்டும். நம்பியாரின் படிகளுக்கிடையே சிறைவாயில்கள் இருந்தன. நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒரே குடியினர் என்று கோவூர்கிழார் எடுத்துரைத்ததைப் போல, பொன்மலைச் சங்கத்தின் ஒரே குடியில் பிறந்த இருவர் எதிரெதிர் அணியில் நின்ற காட்சி அது.

1975 ஜூனில் உள்நாட்டு நெருக்கடிநிலை வந்தபோது இவ்வேறுபாடு கடுமையாயிற்று. மொரார்ஜி தேசாய், வாஜ்பாய் முதலிய உறுப்பினர்கள் சிறையிலிருக்க, ஜூலையில் பாராளுமன்றம் கூடி அரசியலமைப்பைத் திருத்தியது. பிரதமரின் தேர்தலை நீதிமன்ற விசாரணைக்கு அப்பாற்படுத்திய 39-ஆம் திருத்தம் ஆகஸ்டில் நிறைவேறியது. அவர்களுடைய காலியிருக்கைகளைச் சட்டம் குறையாகக் கருதவில்லை. 1965-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழியைச் செம்மை செய்திருந்தது. மார்க்சிஸ்டுகள் பலர் காவலில். கல்யாணசுந்தரத்தின் கட்சியோ நெருக்கடிநிலையை ஆதரித்தது. 1978-இல் அது பிழையென ஒப்புக்கொண்டது. திருச்சியின் இருக்கை இம்முறை காலியாக இல்லை, நிரம்பியிருந்தது. நிரம்பிய இருக்கை வாக்காளருக்கு எவ்வளவு பயன்பட்டது என்பதை நாம் வாசகர் சிந்தனைக்கே விடுகிறோம். தமிழகத்தில் 1976 பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் அடியுண்ட செங்கற்பட்டு மக்களவை உறுப்பினர் சிட்டிபாபு, 1977 ஜனவரியில் இறந்தார். சாதாரணக் குடிமகனைவிட உயர்ந்த நிலை உறுப்பினருக்கு இல்லை என்னும் கோட்பாடு சிறைக்கொட்டடியில் அவ்வாறு செயற்பட்டது.

நம்பியார் எழுப்பிய வினா அவரோடு ஓய்ந்துவிடவில்லை. 2008-இலும் 2014-இலும் காஷ்மீரின் லங்கேட் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஷேக் அப்துல் ரஷீது என்னும் பொறியாளர், தில்லியின் திகார் சிறையிலிருந்தபடியே 2024-இல் பாரமுல்லாவின் மக்களவை உறுப்பினராகத் தேர்வானார். அவர் தடுப்புக் காவலிலன்று, விசாரணையை எதிர்நோக்கும் கைதியாக இருந்தார்; ஆகவே இரு வழக்குகளும் முற்றும் ஒன்றல்ல. 2025 பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம், காவலருடன் இரண்டு நாட்கள் அவருக்குப் பாராளுமன்றம் செல்ல இசைவளித்தது. பின்னர் அவ்வாண்டின் மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் 4 வரை மீண்டும் இசைவளித்தது. கைபேசி கூடாது, இணையம் கூடாது, பத்திரிகையாளரிடம் பேசலாகாது, உறுப்பினரின் கடமையன்றி வேறெதற்காகவும் எவருடனும் உரையாடலாகாது. நம்பியார் வழக்கில் சென்னை நீதிமன்றம் ஆகவே ஆகாதென்ற அந்தக் காவலர் துணையோடு, பாரமுல்லாவின் உறுப்பினர் வாயில்வரை வந்து, அவர்களை அவைக்கு வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே சென்று தம் இருக்கையில் அமர்ந்தார்.